தண்டனை முடிந்த பின்னும் தொடரும் காவல்

சிவகங்கை மாவட்ட வழக்கறிஞர் பெருமக்களுக்குத் திருக்கோஷ்டியூரிலிருந்து ஒரு திறந்த மடல்

சிவகங்கை, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், மானாமதுரை ஆகிய ஊர்களின் நீதிமன்றங்களிலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் வழக்காடும் பெருமக்களுக்கு,

பயங்கரவாத வழக்கொன்றில் பிடிபட்ட அயல்நாட்டார் ஒருவர், கைது, விசாரணை, தண்டனை, விடுதலை என்னும் படிகள் அனைத்தையும் கடந்த பிறகும், தாய்நாட்டுக்கு அனுப்பப்படும் நாள்வரை எவ்வளவு காலம் அடைத்து வைக்கப்படலாம் என்பதற்குத் தமிழ்நாட்டின் சிறப்பு முகாம் நடைமுறையில் வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. அம்முகாம்களுள் முதன்மையானது திருச்சிராப்பள்ளி மத்தியச் சிறை வளாகத்தில் இயங்குகிறது. திருச்சி மாவட்டம் மதுரைக் கிளையின் ஆளுகைக்கு உட்பட்டது. சிவகங்கை மாவட்டமும் அவ்வாறே. அம்முகாமில் இருப்போரின் உரிமையைக் கேட்டு வழக்குத் தொடுக்க வேண்டிய மன்றம் தாங்கள் நாள்தோறும் வழக்காடும் மன்றமே என்பதால்தான் இம்மடல் சட்டமன்றத்துக்கோ அமைச்சகத்துக்கோ எழுதப்படாமல் தங்களுக்கு எழுதப்படுகிறது.

இவ்வரம்பின்மையின் விளைவை ஒரு வழக்கின் வழியே காணலாம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு 15 பேர், அவர்களுள் 9 காவலர்கள், உயிரிழந்தனர் என்றும் 43 பேர் காயமடைந்தனர் என்றும் உச்ச நீதிமன்றத்தின் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு கணக்குரைக்கிறது. பந்தோபஸ்துப் பணிக்கு வந்து வீடு திரும்பாத காவலர்களின் குடும்பங்களும், உடலில் தழும்புகளோடு உயிர் பிழைத்தவர்களும், தண்டிக்கப்பட்டோரின் விடுதலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். அவர்களுடைய துயரத்தைச் சிறுமைப்படுத்தும் ஒரு சொல்லுக்கும் இம்மடலில் இடமில்லை. ஆனால் அத்துயரத்துக்கு விடையளிக்க வேண்டியது நீதிமன்றம் விதித்த தண்டனைதானே தவிர, அத்தண்டனை முடிந்த பிறகு எந்த நீதிமன்றமும் விதிக்காத ஒரு காவல் அன்று.

விசாரணையின் தன்மையை முதலில் நினைவுகூர்வது தகும். வழக்கு, தடா எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட பயங்கரவாத மற்றும் சீர்குலைவுச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ், பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றத்தில், பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் மூடிய கதவுகளுக்குள் நடந்தது. காவல்துறை அதிகாரியிடம் குற்றஞ்சாட்டப்பட்டவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் முதல் இந்நாட்டில் நிலைபெற்ற விதி. தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ, காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பையும் அச்சட்டம் நீக்கி, நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு விதித்தது. 1998 ஜனவரி 28 அன்று தனி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் மரண தண்டனை உறுதி செய்யப்பட்டது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் ஆகிய மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. எஞ்சிய 19 பேர் விடுவிக்கப்பட்டனர். ஒரே சான்றுத் தொகுதியை வைத்துக்கொண்டு ஒரு மன்றம் 26 பேரைத் தூக்குமேடைக்கு அனுப்ப, அடுத்த மன்றம் அவர்களுள் 19 பேரை வீட்டுக்கு அனுப்பியது என்பதை இவ்வழக்கைப் பேசும் எவரும் மறத்தல் ஆகாது. அதனினும் முதன்மையான செய்தி வேறு. அரசை அச்சுறுத்தவோ மக்களிடையே பீதியை உண்டாக்கவோ செய்யப்பட்ட சதி என்பது மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, தடாச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட பயங்கரவாதக் குற்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நீக்கியது. முதன்மைக் குற்றங்களாகக் கொலையும் கொலைச் சதியுமே நிலைத்தன. இந்தியாவின் மிகப் பெரிய பயங்கரவாத வழக்கு என நாடே நம்பிய வழக்கில் சட்டத்தின் கண்ணில் பயங்கரவாதச் செயல் என எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும், தடாச் சட்டத்தின்கீழ் காவல்துறையிடம் பெறப்பட்ட வாக்குமூலங்கள், அச்சட்டத்தின் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படாத பிறகும், கொலைக் குற்றத்துக்குச் சான்றாக ஏற்கப்பட்டன. அவ்வாக்குமூலங்களைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் கண்காணிப்பாளர் தியாகராஜன், பேரறிவாளன் கூறியதில் ஒரு பகுதியை, அதாவது தாம் வாங்கிக் கொடுத்த மின்கலங்கள் எதற்குப் பயன்படப் போகின்றன என்பது தமக்குத் தெரியாது என்ற பகுதியை, தாம் எழுதாமல் விட்டதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். வாக்குமூலத்தை நம்பித் தீர்ப்பெழுதும் முறையில் உள்ள ஆபத்தை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டியதில்லை. சதியைக் களத்தில் நடத்தியவராகக் கருதப்பட்ட சிவராசன் 1991 ஆகஸ்டில் பெங்களூருவின் கோணனகுண்டேயில் சுற்றிவளைக்கப்பட்டபோது இறந்துபோனார். தலைமறைவானவர்களாக அறிவிக்கப்பட்ட, விடுதலைப் புலிகள் இயக்கத் தலைவர்களான பிரபாகரனும் பொட்டு அம்மானும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவே இல்லை. எனவே வழக்கின் முழுப் பாரமும் கைக்கு எட்டியவர்கள்மீதே இறங்கியது.

அதன்பின் நடந்தவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. நளினியின் தண்டனை 2000ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஏனைய மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 2011இல் தள்ளுபடி செய்யப்பட, அவ்வாண்டு செப்டம்பர் 9 தூக்கு நாளாகக் குறிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் தடையால் நின்றது. அத்தாமதத்தையே காரணம் காட்டி 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாக மாற்றியது. 2018 செப்டம்பர் 9 அன்று தமிழ்நாட்டு அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவு ஆளுநருக்கு அளிக்கும் தண்டனைக் குறைப்பு அதிகாரம் அமைச்சரவையின் அறிவுரைப்படி செலுத்தப்பட வேண்டியதாயினும், முடிவு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. 2022 மே 18 அன்று பேரறிவாளனையும், நவம்பர் 11 அன்று எஞ்சிய அறுவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

இம்மடலின் பொருள் அந்த நவம்பர் 11க்கு அடுத்த நாளில் தொடங்குகிறது. விடுவிக்கப்பட்ட அறுவருள் நளினியும் ரவிச்சந்திரனும் இந்தியக் குடிமக்கள். அவர்கள் வீடு சென்றனர். முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகிய நால்வரும் இலங்கைக் குடிமக்கள். அவர்கள் வேலூர், புழல் சிறைகளின் வாயிலிலிருந்து காவல்துறை வாகனத்தில் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். வழக்கு ஒன்று, விடுதலை ஆணையும் ஒன்று. வேறு எந்த வழக்கிலும் தேவைப்படாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்றே அவ்வாணை அனைவருக்கும் பொதுவாகக் கூறியது. இருவருக்கு அது விடுதலையாகவும், நால்வருக்கு ஒரு சிறை வளாகத்திலிருந்து மற்றொரு சிறை வளாகத்துக்கு இடமாற்றமாகவும் பொருள்பட்டமைக்குக் குடியுரிமையைத் தவிர வேறு காரணம் இல்லை.

சிறப்பு முகாம் என்பது ஏதிலியர் குடும்பங்கள் வாழும் முகாமிலிருந்து வேறானது. சிவகங்கை மாவட்டம் உட்படத் தமிழ்நாடு முழுவதும் உள்ள பின்னவை 2021 முதல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றம் பெற்றவை. அங்குள்ளோர் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பலாம். சிறப்பு முகாம், 1990 முதல், போராளி இயக்கத் தொடர்புடையோராகக் கருதப்பட்டவர்களையும் வழக்குகளில் சிக்கிய அயல்நாட்டாரையும் அடைத்து வைப்பதற்காக வேலூர்க் கோட்டையிலும் செங்கற்பட்டிலும் பூந்தமல்லியிலும் பின்னர் திருச்சியிலும் நடத்தப்பட்டு வந்தது. அதற்குச் சட்ட அடிப்படையாகக் காட்டப்பட்டது 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்தில் 3ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்று. அயல்நாட்டார் ஒருவர் குறிப்பிட்ட இடத்தில் தங்கியிருக்க வேண்டும் என்று ஆணையிடவும், அவருடைய நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கவும் அது அரசுக்கு இசைவளித்தது. 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் பழைய சட்டத்தை நீக்கிவிட்டது; ஆனால் அவ்வதிகாரம் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. தங்கியிருக்கச் சொல்லும் அதிகாரம் பூட்டிவைக்கும் அதிகாரமாக நடைமுறையில் உருமாறியிருப்பதே இங்குள்ள சிக்கல். மதிலும் ஆயுதக் காவலும் உடையதாய், அனுமதியின்றி வெளியேற இயலாததாய், சிறை வளாகத்துக்குள்ளேயே அமைந்ததாய் உள்ள ஓர் இடத்தைத் தங்குமிடம் என்று ஆணையில் எழுதிவிடுவதால் அது தங்குமிடம் ஆகிவிடாது.

மேலும், அயல்நாட்டாரைக் காவலில் வைக்க நாடாளுமன்றமே வேறொரு வழியை வகுத்துத் தந்துள்ளது என்பது இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம், அயல்நாட்டார் ஒருவரை வெளியேற்றுவதற்கான ஏற்பாடுகளைச் செய்யும் பொருட்டு அவரைத் தடுப்புக்காவலில் வைக்கலாம் என 3ஆம் பிரிவில் வெளிப்படையாகக் கூறுகிறது. அதற்கு முன்னோடியான 1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தில் இருந்த இதே அதிகாரத்தைத்தான் உச்ச நீதிமன்றம் 1955இல் ஹான்ஸ் முல்லர் என்னும் ஜெர்மானியரின் வழக்கில் செல்லத்தக்கது என ஏற்றது. அவ்வழக்கு அயல்நாட்டாரை வெளியேற்ற அரசுக்கு உள்ள தடையற்ற உரிமைக்குச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அங்கு ஏற்கப்பட்ட காவல் வரம்புகளும் காப்புகளும் கொண்ட காவல் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காவலுக்கான காரணங்கள் வழக்கமாக 5 நாட்களுக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ தலைமை தாங்கும் அறிவுரைக் குழுமத்தின்முன் வழக்கு 3 வாரங்களுக்குள் வைக்கப்பட வேண்டும். காவலின் உச்ச வரம்பு 12 மாதங்கள். நாட்டின் பாதுகாப்பையே பெயராகக் கொண்ட ஒரு கடுஞ்சட்டம் 12 மாதங்களோடு நிறுத்திக்கொள்ளும் காவலை, ஓர் உறைவிட ஆணை வரம்பின்றி நீட்டிக்கலாம் என்பது ஏற்கத்தக்க சட்டப் பொருள்கோள் ஆகுமா என்பதைத் தாங்களே மன்றத்தின்முன் எழுப்ப வேண்டும்.

எழுப்பத் தவறினால் நேர்வது என்ன என்பதற்கு டி. சுதேந்திரராஜா என்னும் சாந்தனின் முடிவு சான்றாகும். 1991இல் கைதாகி, 31 ஆண்டுகளுக்குமேல் சிறையிருந்து, விடுதலைத் தீர்ப்பும் பெற்ற அவர், யாழ்ப்பாணத்தில் உள்ள முதிய தாயிடம் செல்ல அனுமதி வேண்டி அரசுகளுக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். காலாவதியான கடவுச்சீட்டுக்கு மாற்றாக இலங்கைத் தூதரகம் தற்காலிகப் பயண ஆவணம் தர வேண்டும். அதன்மீது மத்திய அரசின் வெளியேற்ற ஆணை வேண்டும். இரண்டுக்கும் இடையே மாநில அரசின் கடிதங்கள் செல்ல வேண்டும். இம்மூன்று அலுவலகங்களுக்கிடையே காகிதம் நடந்த காலத்தில் அவருடைய கல்லீரல் செயலிழந்தது. பயணத்துக்கான அனுமதி கிடைத்த சில நாட்களிலேயே, 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 55 வயதில் அவர் இறந்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் உடல் வானூர்தியில் இலங்கை சென்று சேர்ந்தது. அவர் தொடர்ந்து கேட்டுவந்த ஆவணங்கள் உயிரோடிருந்தபோது 15 மாதங்களாகத் தாமதப்பட்டன. உடலை அனுப்பும் ஆவணங்களோ ஓரிரு நாட்களில் முடிந்தன. விரைவு இயலாததன்று என்பதை அந்த ஓரிரு நாட்களே மெய்ப்பிக்கின்றன. எஞ்சிய மூவரும் 2024 ஏப்ரல் 3 அன்று சென்னையிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 17 மாதங்கள் அவர்கள் முகாமில் இருந்தனர்.

இந்நிலைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் வலுவற்றதன்று. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டையின் சிறப்பு முகாமிலிருந்து விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்த 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினர். அத்தகையோரை மேற்பார்வையின்றி வெளியே விட இயலாது என அரசு கருதியதில் வியப்பில்லை. ஆயினும், தப்பிச் செல்லும் அச்சம் ஒருவரை விரைவாக அனுப்புவதற்குத்தான் காரணமாகுமே அன்றி, காலவரையின்றி வைத்திருப்பதற்குக் காரணமாகாது. போகவே விரும்பி, போவதற்கே மனுப்போட்டுக் காத்திருந்தவரைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு இடமே இல்லை.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்துக்கொண்டன என்பதைக் காணும்போது அங்கே ஓர் இந்தியரின் பெயர் முதலில் நிற்கிறது. ஹர்தியால் சிங் என்பவர் இங்கிலாந்தில் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று, 1983 ஜூலையில் விடுதலையாக வேண்டியவர்; நாடுகடத்தும் பொருட்டு டர்ஹாம் சிறையிலேயே வைக்கப்பட்டார். இந்தியத் தூதரகத்தின் பயண ஆவணம் தாமதப்பட்டது. நீதிபதி உல்ஃப், அனுப்பும் நோக்கத்துக்காக மட்டுமே காவல் அமையலாம், அந்நோக்கத்துக்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கு மேல் அது நீளலாகாது, நியாயமான காலத்துக்குள் அனுப்ப இயலாது என்று தெரிந்தவுடன் காவல் முடிய வேண்டும், அரசு சுணக்கமின்றிச் செயல்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்நெறிகள் இன்றும் இங்கிலாந்தில் அவ்விந்தியரின் பெயராலேயே வழங்குகின்றன. இந்தியத் தூதரகத்தின் தாமதத்திலிருந்து ஓர் இந்தியரைக் காத்த அந்நெறி இலங்கைத் தூதரகத்தின் தாமதத்திலிருந்து ஓர் இலங்கையரைக் காக்கத் திருச்சிக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2004 டிசம்பரில், பயங்கரவாத ஐயத்துக்குரிய அயல்நாட்டாரை விசாரணையின்றிக் காலவரம்பின்றி பெல்மார்ஷ் சிறையில் வைத்தது மனித உரிமைக்கு முரணானது என்று அந்நாட்டுப் பிரபுக்கள் அவையின் ஒன்பது நீதிபதிகளுள் எட்டுப் பேர் கூறினர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் 6 மாதங்களைப் பொது அளவாகக் கொண்டது. காலவரம்பற்ற காவலை 2004இல் ஏற்ற ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நாடற்ற ரோகிங்கியர் ஒருவரின் வழக்கில், 2023 நவம்பரில் தன் முந்தைய நிலையையே கைவிட்டது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வாழ்வுரிமையையும் உடல்சார் விடுதலையையும் குடிமகனுக்கு என்று கூறாமல் எவருக்கும் என்றே கூறுகிறது. சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே இந்நெறியை ஏற்க இந்திய நீதிமன்றத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

தாயகம் அனுப்புதலும் குற்றவாளி ஒப்படைப்பும் வேறு வேறு என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மும்பைத் தாக்குதல் வழக்கில் தஹாவூர் ராணாவை அமெரிக்கா 2025 ஏப்ரலில் இந்தியாவிடம் ஒப்படைத்தது விசாரணைக்காக. அது இரு நாடுகளின் ஒப்பந்தப்படி, அந்நாட்டு நீதிமன்றங்கள் பல கட்டங்களில் ஆராய்ந்த பின் நடந்தது. இலங்கையர் நால்வரின் நிலை அதுவன்று. அவர்கள் விசாரணையை முடித்துவிட்டவர்கள். இருந்தும் கொழும்பு விமான நிலையத்தில் மூவரும் அந்நாட்டுப் புலனாய்வு அதிகாரிகளால் வினவப்பட்ட பின்னரே வெளியே விடப்பட்டனர். இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமும், தடாவைப் போலவே, காவல் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்பது. அச்சட்டத்தின்கீழ் விசாரணையின்றிப் பல்லாண்டுகள் கிடந்த தமிழர் பலர். எனவே திருச்சி முகாமில் உள்ள ஒருவர் திரும்பிச் செல்ல அஞ்சினால், அவ்வச்சத்தைக் கேட்டறிந்து முடிவு செய்யும் வாய்ப்பும் அவருக்கு இருக்க வேண்டும். விரும்புவோரைத் தாமதிப்பதும் அஞ்சுவோரைத் தள்ளுவதும், ஆளைக் கேளாமல் கோப்பை மட்டும் பார்க்கும் ஒரே வழக்கத்திலிருந்து பிறப்பவை.

இம்மண்ணுக்கு இப்பொருள் புதிதன்று. திருக்கோஷ்டியூருக்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சின்ன மருதுவின் இளம் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மண்ணுக்காகப் போரிட்டவர்களையும் ஸ்ரீபெரும்புதூர்க் கொலையாளிகளையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. இங்கு ஒப்பிடப்படுவது ஆட்களல்ல, ஆட்சியின் கைவரிசை. செயல் எதுவாயினும் விசாரணையும் வரையறுத்த தண்டனையும் வேண்டும் என்று அன்றைய கும்பினியாரிடம் கேட்க இந்நிலத்தில் ஒரு மன்றம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. பர்மாவிலிருந்து 1942இல் கால்நடையாகவும், 1960களில் சொத்திழந்து கப்பலிலும் திரும்பியோரின் வழித்தோன்றல்கள் செட்டிநாட்டில் இன்றும் வாழ்கின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டோரும் தமிழ்நாடெங்கும் உள்ளனர். ஒரு காகிதத்துக்காகத் துறைமுகத்தில் காத்துக் கிடப்பது எத்தகையது என்பதை இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தகுதியுடையார்க்கு மட்டும் என்று திருக்கோஷ்டியூர் நம்பி மறைத்துக் கற்பித்த திருமந்திரத்தை இராமாநுசர் இவ்வூர்க் கோயிலின் உயரத்தில் ஏறி அனைவருக்கும் அறிவித்தார் என்பது வைணவ மரபு போற்றும் வரலாறு. அவ்வூரிலிருந்து எழுதப்படும் இம்மடல் முதலில் கேட்பதும் வெளிப்படைத்தன்மையையே. சிறப்பு முகாம் ஆணை ஒவ்வொன்றும், காரணங்களோடும் முடிவு நாளோடும், அடைக்கப்படுபவர் அறிந்த மொழியில் அவர் கையில் தரப்பட வேண்டும் என்று மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது காவலில் உள்ளவரை மன்றத்தின்முன் நிறுத்திக் காவலின் அடிப்படையைக் காட்டுமாறு அரசைக் கேட்கும் மனு, தாக்கல் செய்யப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. சிறப்பு முகாம் காவல் அன்று என அரசு வாதிடுமானால் உள்ளிருப்போர் வெளியே செல்லலாம், காவலே என ஏற்குமானால் அவர்களுக்கு வழக்கறிஞர் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை அரசு தெரிவு செய்யுமாறு கேட்பதற்குத் திருச்சி மாவட்ட ஆணைக்குழுவோடு சிவகங்கை வழக்கறிஞர் சங்கங்களும் இணையலாம்.

அடுத்து, சிறையில் உள்ள அயல்நாட்டாரின் விடுதலை நாள் முன்கூட்டியே தெரிந்த வழக்குகளில், அந்நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பயண ஆவணத்துக்கான கடிதம் தூதரகத்துக்குச் சென்றாக வேண்டும் என்ற வழிகாட்டுதலை மன்றத்திடம் பெற வேண்டும். நோயுற்றவரின் கோப்புக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும். திருச்சி முகாமில் இன்றும் இலங்கையரோடு பிற நாட்டவரும் உள்ளனர். அவர்களுள் தண்டனையை முடித்தவர், பிணை பெற்றும் வெளியேற இயலாதவர், விடுதலையே ஆனவர் யார் யார், எவ்வளவு காலமாக அங்கு இருக்கின்றனர் என்ற பட்டியலை அரசிடம் கேட்டுப் பெறுவது முதல் மனுவின் முதல் வேண்டுகோளாக அமையட்டும். அப்பட்டியல் மன்றத்தில் வைக்கப்பட்டவுடன், மிக நீண்ட நாள் இருப்பவரின் வழக்கிலிருந்து தொடங்கலாம்.

திருக்கோஷ்டியூர்,
சிவகங்கை மாவட்டம்.